மொத்தம் எவ்வளவு, எப்ப முடியும்? – வாசகர் கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் சாஃப்ட்வேர் தொழிலில் இருக்கும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பல, ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அஜைல் முறைக்கு (வேலையைச் சிறு சிறு பகுதியாக முடித்து, அடிக்கடி வாடிக்கையாளரிடம் காட்டி, திருத்திக்கொண்டே போகும் முறை) கம்பெனியை எப்படி மாற்றுவது, மாற்றிய பிறகு ஏன் சொதப்புகிறது? இந்த இதழில் அந்தக் கேள்விகள் மட்டும்.

கேள்வி: எங்களுடையது 18 பேர் வேலை பார்க்கும் சிறிய கம்பெனி. அரிசி ஆலை, நகைக்கடை, பாத்திரக்கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக், கணக்கு சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். ஆரம்பத்தில் ஒரே தடவை உட்கார்ந்து எல்லாத் தேவையையும் எழுதி வாங்கிக்கொள்வோம். ஐந்தாறு மாதம் கழித்துக் கொண்டுபோய்க் காட்டினால் "இதை நான் கேக்கலையே" என்பார்கள். அஜைல் முறைக்கு மாறலாம் என்று முதலாளியிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். "அதெல்லாம் பெங்களூருக் கம்பெனிக்குத் தம்பி. மொத்தம் எவ்வளவு, எப்ப முடியும், அதைச் சொல்லு" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– டெவலப்பர், காரைக்குடி

பதில்: முதலில் 'அஜைல்' என்ற வார்த்தையைப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்பிரின்ட் (இரண்டு வாரம் போன்ற குறுகிய வேலைச் சுற்று), ஸ்க்ரம் (அப்படிச் சுற்றுச் சுற்றாக வேலை செய்யும் அஜைல் முறைகளில் ஒன்று), பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) எதுவும் அவர் காதில் விழ வேண்டாம். புது முறைக்கு மாறுவோம் என்றால், இத்தனை வருடம் நடத்தியது தப்பு என்று சொல்வதாகத்தான் அவருக்குக் கேட்கும். அவர் கேட்கும் இரண்டு கேள்வியும் நியாயமானவை. சம்பளம் போடுகிறவர் வேறென்ன கேட்பார்? அந்த இரண்டுக்கும் இப்போதைய முறை சரியான பதில் தரவில்லை என்பதை அவருடைய கணக்கிலிருந்தே எடுத்து வையுங்கள்.

கடைசியாக முடித்த மூன்று வேலைகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் போதும்: கொட்டேஷனில் எழுதிய தேதி, உண்மையில் ஒப்படைத்த தேதி, ஒப்படைத்த பிறகு திருத்தத்துக்குச் செலவான ஆள்-நாள், இன்னும் வராமல் நிற்கும் பாக்கி. முதல் இரண்டும் ஃபைலில் கிடைக்கும். பாக்கியை அக்கவுன்ட்ஸில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். திருத்தக் கணக்குக்குத்தான் மெயில், வாட்ஸ்அப், பஸ் டிக்கெட் வவுச்சர் வரை தோண்ட வேண்டியிருக்கும். தோண்டுங்கள், சரக்கு அங்கேதான் இருக்கிறது. எல்லாம் ஒரே தாளில் அடங்கட்டும். யாருடைய பெயரும் அதில் வரக்கூடாது. இன்னார் தாமதம் செய்தார் என்று ஒரு வரி இருந்தாலும் பேச்சு அந்த ஆளின் பக்கம் திரும்பிவிடும்.

பிறகு கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு வாடிக்கையாளர், மூன்று பேர், ஆறு வாரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடுகிற சாஃப்ட்வேரைக் காட்டுவோம், ஆறு வாரம் கழித்துப் பிடிக்கவில்லை என்றால் பழையபடி செய்வோம். திரும்பிப் போக வழி இருந்தால்தான் பணம் போடுகிறவர் சரி என்பார். இந்த ஊர் முதலாளிகளுக்கு இது ஒன்றும் புதிதில்லை, பார்க்கப்போனால். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க ஆள் அனுப்பிய காலத்தில், ஏஜெண்ட் மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்பும்வரை கையைக் கட்டிக்கொண்டா இருந்தார்கள்? இடையிடையே ஐந்தொகை என்ற கணக்கு அறிக்கை ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துத்தான் அடுத்த பணம் போகும்.

எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கழுத்தை நெரிக்கும் அவசர வேலை வேண்டாம், தவறினால் பழி முறைமேல் விழும். யாரும் கேட்காத உள்வேலையும் வேண்டாம், ஜெயித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தரக்கூடிய உள்ளூர் வாடிக்கையாளராகப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் நகைக்கடையும், தை, மாசி அறுவடையில் அரிசி ஆலையும் ஆகாது.

புதுவயல் பக்கம் ஓர் ஆலை என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல், ஊறல், அரவை, தவிடு–உமி விற்பனை, கூலி, ஜிஎஸ்டி என்று எல்லாம் பட்டியலில் இருக்கட்டும். முதல் இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு அட்டை (ஒரு சிறு வேலையை எழுதிய காகிதம்): 'நெல் வண்டி எடைமேடை ஏறியதும் கணக்கப்பிள்ளை கொள்முதல் சீட்டு போட வேண்டும்.' மொத்த எடை, வண்டி எடை, சாக்கு எடை, ஈரப்பதக் கழிவு, நிகர எடை, விலை, தொகை. எடைமேடையிலிருந்து எடை தானாக வர வேண்டாம், கையால் தட்டட்டும். அது அடுத்த அட்டை. பத்தாவது வேலைநாள் லேப்டாப்போடு ஆலைக்கே போய், முந்தின நாளின் உண்மையான பத்துச் சீட்டைக் கணக்கப்பிள்ளையையே போடச் சொல்லுங்கள். நீங்கள் மவுஸைத் தொடக்கூடாது.

மூன்றாவது சீட்டில் அவர் நிறுத்துவார்: "ஈரம் கழிக்கிறது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லையே தம்பி." அரசு கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழை வருடங்களில் அதைத் தளர்த்தி உத்தரவு வருவதும் உண்டு. தனியார் வியாபாரத்தில் ஆலைக்கு ஆலை வேறு, சில இடத்தில் ஆளுக்கு ஆள் வேறு. கோடில் 17 என்று எழுதியிருந்தால் அதை செட்டிங் ஆக்க இப்போது அரை நாள் போதும். அந்த நிகர எடையை நம்பி ஸ்டாக், அரவை, ரிப்போர்ட் என்று ஐந்து மாதம் கட்டிய பிறகு தெரிந்தால் என்ன ஆகும் என்பது உங்கள் தாளிலேயே இருக்கிறது. அந்த டெமோவுக்கு முதலாளியைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். நீங்கள் பேசி ஏறாதது கணக்கப்பிள்ளை பேசினால் ஏறும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் இரண்டு வாரம் வேலை குறைவாகத்தான் தெரியும். கிட் (Git – கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் சாஃப்ட்வேர்), டெஸ்ட் சர்வர், டெமோவுக்கான டேட்டா என்று அடித்தளத்துக்கே நாள் போகும். சொல்லாமல் விட்டால் "பார்த்தியா, மெதுவாத்தானே போகுது" என்பார்.

கேள்வி: நான் கம்பெனி நடத்துபவன். என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் மொத்த விலை பேசித்தான் ஆர்டர் தருவார்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று வாயைக் கொடுத்துவிட்டு நான் எங்கே போய் நிற்பது?
– தேவகோட்டை

பதில்: எதை வேண்டுமானாலும் இலவசமாக மாற்றலாம் என்று அஜைலில் எங்கும் இல்லை. விலையையும் தேதியையும் கட்டி வைத்துவிட்டு, உள்ளே என்னென்ன இருக்கும் என்பதை மட்டும் நெகிழவிடுவது அதன் கணக்கு. மொத்த விலை பேசும் வியாபாரத்துக்கு அது பொருந்தும், ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுதினால்.

ஒன்று, அலகுக் கணக்கு. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வசதிக்கும் சிறியது 1, நடுத்தரம் 3, பெரியது 8 என்று அளவு போடுங்கள். கூட்டினால் 90 அலகு, விலை 4,50,000 ரூபாய் என்றால் ஓர் அலகு 5,000. நடுவில் வாடிக்கையாளர் 8 அலகில் புதிதாக ஒன்று கேட்கிறார். இன்னும் தொடங்காத வேலையில் 8 அலகை அவரே எடுத்துவிட்டால் காசு கிடையாது. எடுக்க மனமில்லை என்றால் 40,000 கூடுதல், தேதியும் தள்ளும். இந்த வரியை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், மாற்றம் கேட்டு வருகிற ஒவ்வொரு போனும் சண்டையாகாது. எதை விடலாம் என்ற பேச்சாகிவிடும். பட்டியலில் கால்வாசி அவருக்கே வேண்டாம் என்று ஆவதும் உண்டு.

இரண்டு, பணம் வரும் விதம். முன்பணம் 20 சதவீதம், மிச்சம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முடிந்து காட்டிய அலகுக்கு ஏற்ப. காட்டிய 5 வேலைநாளுக்குள் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்று எழுதுங்கள். கடைசித் தவணையில் பாதித் தொகையை மாட்டிவைத்துக்கொண்டு அலையும் பாடு இதில் குறையும். அவருக்கும் லாபம் உண்டு: இரண்டு வார நோட்டீஸில் யார் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம், அதுவரை முடிந்ததற்குப் பணம், முடிந்ததன் சோர்ஸ் கோட் அவருக்கு.

மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை, ஆனால் குடும்ப வியாபாரங்களில் இதுதான் கழுத்தறுக்கும். முடிவு சொல்கிறவர் ஒருவர், அவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். டெமோவில் மகன் சரி என்பார், சாயங்காலம் அப்பச்சி வந்து "யாரைக் கேட்டு மாத்தினீங்க?" என்பார். இருவரும் சேர்ந்து ஒருவரைச் சொல்லட்டும்.

டெண்டர், அரசுத் துறை வேலைகளில் இந்த ஒப்பந்தம் நடக்காது. அங்கே தாளில் உள்ளதைத் தாளில் உள்ளபடியே கொடுக்க வேண்டும். ஆனாலும் உங்கள் ஆபீசுக்குள் இரண்டு வாரக் கணக்கில் வேலை பார்க்கவும், பயன்படுத்தப்போகும் கிளார்க்கைக் கூப்பிட்டுக் காட்டவும் யாரும் தடை சொல்லவில்லை.

கேள்வி: எங்கள் கம்பெனி ஒரு வருடமாக 'அஜைல்' ஆகிவிட்டது. தினமும் காலை மேனேஜர் முன்னால் ஒரு மணி நேரம் நின்றுகொண்டு நேற்று என்ன செய்தேன் என்று ஒப்பிக்கிறோம். இரண்டு வார ஸ்பிரின்டில் எட்டு நாள் கோடிங் போய், கடைசி இரண்டு நாளில் எல்லாம் என் தலையில் டெஸ்டிங்குக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்குப் போக முடிவதில்லை.
– டெஸ்டர், பள்ளத்தூர்

பதில்: ஆறு மாத வேலைமுறையை இரண்டு வாரமாகச் சுருக்கிச் சுற்றியிருக்கிறார்கள், பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

புழுங்கல் அரிசி ஆலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். டிரையர் ஒரு நாளைக்கு 20 டன்தான் காயவைக்கும் என்றால், ஊறல் தொட்டியில் 40 டன் போட்டு என்ன பயன்? வெந்த நெல் ஈரத்தோடு கிடந்து வாடை அடிக்கும், நிறம் மாறும், அரிசி ஒரு மூட்டைகூடக் கூடாது. உங்கள் ஆபீசில் டிரையர் நீங்கள். ஆறு டெவலப்பர் எழுதித் தள்ள, ஒரே டெஸ்டர் என்றால், எழுதும் வேகத்தைக் கூட்டுவதில் கம்பெனிக்கு ஒரு லாபமும் இல்லை.

வேலை அட்டைகளை நிலைவாரியாகப் பத்தி பத்தியாக ஒட்டும் போர்டில், 'டெஸ்டிங்' பத்தியின் தலையில் 2 என்று எழுதச் சொல்லுங்கள். அங்கே இரண்டு அட்டை இருந்தால் மூன்றாவது வரக்கூடாது. கோடிங் முடித்தவர் புதிய அட்டையை எடுக்காமல், உங்களோடு உட்கார்ந்து டெஸ்ட் செய்ய வேண்டும் அல்லது நீங்கள் தினமும் கையால் தட்டிப் பார்ப்பதை ஆட்டோமேட் செய்து தர வேண்டும். முதல் வாரம் முணுமுணுப்பார்கள். அட்டையின் அளவும் முக்கியம். ஒரு ஆள் இரண்டு, மூன்று நாளில் முடிக்க முடியாதது என்றால் வெட்டுங்கள். 'கொள்முதல் மாட்யூல்' அட்டையாகாது, 'சீட்டைத் திருத்தினால் பழைய தொகையும் பதிவில் இருக்க வேண்டும்' அட்டையாகும். ஸ்பிரின்ட் தொடங்கிய மூன்றாம் நாள் முதல் அட்டை உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் அன்றே கையைத் தூக்குங்கள், எட்டாம் நாள் தூக்கிப் பயனில்லை.

'முடிந்தது' என்றால் என்ன என்பதையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கோட் கிட்டில் ஏறியது, இன்னொருவர் படித்தது, டெஸ்ட் சர்வரில் ஓடியது, வாடிக்கையாளரின் பிரிண்டரில் அச்சானது. கடைசியை ஏன் சேர்க்கிறோம் என்றால், கடைகளில் இன்னும் டாட் மேட்ரிக்ஸ் ஓடுகிறது. ஆங்கிலத்தில் எழுத்தாக வேகமாக அடிக்கும் அந்த பிரிண்டர், யூனிகோட் தமிழை டிரைவர் வழியாகப் படமாகத்தான் அடிக்கும். ஒரு பில்லுக்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். ஆபீஸ் லேசர் பிரிண்டரில் பார்த்து 'முடிந்தது' போட்ட அட்டை, கடைக் கவுன்டரில் வரிசை நிற்கும்போது முடியாததாகிவிடும்.

காலைக் கூட்டத்துக்கு வருவோம். ஸ்க்ரம் வழிகாட்டி அதற்குத் தரும் நேரம் 15 நிமிடம். அன்றைய வேலையை வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் ஒழுங்கு செய்துகொள்ளத்தான் அது, மேனேஜருக்கு ஒப்பிக்க இல்லை. 'நேற்று நீ என்ன செய்தாய்' என்று ஆளைக் கேட்பதை விட்டுவிட்டு, போர்டின் வலது ஓரத்திலிருந்து இடதுபக்கமாக ஒவ்வொரு அட்டையையும் தொட்டு 'இது முடிய என்ன வேண்டும்' என்று கேட்கச் சொல்லுங்கள். முடியப்போகும் அட்டை முதலில் பேசப்படும், சும்மா இருக்கும் ஆள் கண்ணில் பட மாட்டார், சும்மா கிடக்கும் வேலை கண்ணில் படும். இரண்டு பேருக்கு மட்டும் சம்பந்தப்பட்ட பேச்சு வந்தால் 'அப்புறம்' என்று ஓரத்தில் குறித்துவிட்டு நகருங்கள். மேனேஜர் ஒதுங்க மாட்டேன் என்றால், வட்டத்துக்கு வெளியே நின்று கேட்கலாம், கேள்வி கடைசியில் கேட்கலாம் என்று பேசிப் பாருங்கள். இதை நீங்கள் தனியாகச் சொல்லாமல் டீம் லீட் வாயால் சொல்ல வைப்பது உத்தமம்.

கேள்வி: நாங்கள் சப்போர்ட் டீம், நான்கு பேர். காலை பத்து மணிக்குக் கடை திறந்ததும் போன் ஆரம்பித்துவிடும். எங்களையும் ஸ்பிரின்ட் போட்டு வேலை செய்யச் சொல்கிறார்கள். எப்படி முடியும்?
– காரைக்குடி

பதில்: முடியாது. செய்யவும் வேண்டாம். அடுத்த இரண்டு வாரத்தில் எந்தக் கடையின் சர்வர் படுக்கும் என்று முன்கூட்டியே திட்டம் போட யாராலும் ஆகாது. உங்களுக்குப் பொருத்தம் கான்பன். டொயோட்டா தொழிற்சாலையில் தைச்சி ஓனோ கொண்டுவந்த அட்டை முறையிலிருந்து சாஃப்ட்வேருக்கு வந்தது அது. ஸ்பிரின்ட் கிடையாது, ஒரே நேரத்தில் எத்தனை வேலை திறந்திருக்கலாம் என்ற கட்டு மட்டும் உண்டு.

ஏன் கட்டு? ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: கையில் உள்ள வேலையை, வாரத்துக்கு முடிக்கும் வேலையால் வகுத்தால், ஒரு வேலைக்கு ஆகும் சராசரி வாரம். 24 புகார் திறந்து கிடக்கிறது, வாரம் 8 முடிக்கிறீர்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் சராசரி மூன்று வாரம். எட்டு மட்டும் கையில் இருந்தால் எடுத்த வேலை ஒரே வாரத்தில் முடியும். மீதி 16 எங்கே போகும் என்று கேட்பீர்கள். வரிசையில்தான் நிற்கும், மாயம் ஒன்றுமில்லை. ஆனால் வரிசையில் நிற்பதை யாரும் பாதி தொட்டுவைக்க மாட்டார்கள், முன்னே பின்னே மாற்றலாம், "உங்க முறை புதன்கிழமை அண்ணே" என்று கடைக்காரரிடம் உள்ளதைச் சொல்லலாம். ஆளுக்கு ஆறைத் திறந்துவைத்து அல்லாடுவதில் போகும் நேரமும் மிச்சம்.

அவசரத்துக்குத் தனி வரிசை ஒன்று வையுங்கள், அதில் ஒரே அட்டைக்குத்தான் இடம். பில் போடவே முடியவில்லை என்பது அவசரம். ரிப்போர்ட்டில் லோகோ தள்ளி நிற்பது, கேட்பவர் எவ்வளவு பெரிய ஆளானாலும், அவசரமில்லை. நால்வரில் ஒருவர் மட்டும் அன்றைய போனை எடுக்கட்டும், மற்ற மூவரும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வேலையை முடிக்கட்டும். முறை தினமும் மாறட்டும்.

கேள்வி: ஸ்டோரி பாயின்ட் (ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரியது என்று டீம் போடும் எண்) போடுகிறோம். நிர்வாகமோ "பாயின்ட் எல்லாம் இருக்கட்டும், தேதி சொல்லுங்க மேடம்" என்கிறது. பாயின்ட்டைத் தேதியாக்குவது எப்படி?
– டீம் லீட், கோட்டையூர்

பதில்: கடைசி மூன்று ஸ்பிரின்டில் முழுதாக முடிந்த பாயின்ட் 18, 23, 16 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 120 பாயின்ட். நல்ல வேகத்தில் 120-ஐ 23-ஆல் வகுத்தால் 5.2, மந்தமான வேகத்தில் 16-ஆல் வகுத்தால் 7.5. அதாவது 6 முதல் 8 ஸ்பிரின்ட், இரண்டு வாரக் கணக்கில் 12 முதல் 16 வாரம். இரண்டு தேதியையும் சொல்லுங்கள். ஒரே தேதி கேட்டு வற்புறுத்தினால் பின்னதைச் சொல்லுங்கள், சராசரியைச் சொல்லிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்காதீர்கள். ஒவ்வொரு ஸ்பிரின்ட் முடிவிலும் இதே கணக்கைத் திரும்பப் போட்டு அனுப்பிவந்தால், நாலாவது தடவை உங்கள் தேதியை நம்ப ஆரம்பிப்பார்கள்.

பாதி முடிந்த அட்டைக்குப் பாதி பாயின்ட் கொடுக்காதீர்கள். முடிந்தால் முழுது, இல்லாவிட்டால் பூஜ்யம். விடுமுறையையும் கழிக்க மறக்காதீர்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி–பங்குனித் திருவிழா நாட்களில் காரைக்குடி ஆபீசில் பாதிப் பேர் பால்குடம், காவடி என்று போய்விடுவார்கள் என்பது போன வருடமும் தெரியும், இந்த வருடமும் தெரியும். ஐந்து பேருக்குப் பத்து நாள் என்றால் 50 ஆள்-நாள். பத்து ஆள்-நாள் லீவு என்றால் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

இரண்டு டீமின் பாயின்ட்டை ஒப்பிட்டு இன்கிரிமென்ட் பேச ஆரம்பித்தால் உடனே தடுத்துவிடுங்கள். அடுத்த மாதமே 3 பாயின்ட் வேலைக்கெல்லாம் 5 விழும். உங்கள் கணக்கு அன்றோடு செத்தது.

கேள்வி: அஜைல் என்றால் டாக்குமென்டே எழுத வேண்டாம் என்று சீனியர் சொல்கிறார். உண்மையா? யார் கண்டுபிடித்தது இதை?
– எம்.சி.ஏ. மாணவி, அழகப்பா பல்கலைக்கழகம்

பதில்: எழுத வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்நோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையில் நான்கு விழுமியம் உண்டு. அதிலொன்று, விரிவான ஆவணத்தைவிட ஓடுகிற சாஃப்ட்வேருக்கு மதிப்பு அதிகம் என்பது. ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதே அறிக்கை கீழேயே சொல்கிறது, அந்த வரியை உங்கள் சீனியர் படிக்கவில்லை. ஸ்க்ரம் அதற்கும் முந்தையது, கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995-லேயே அதை மாநாட்டில் முன்வைத்துவிட்டார்கள். எதை எழுதுவது என்பதற்கு எங்கள் அளவுகோல்: இதை எழுதிய ஆள் நாளை வேலையை விட்டால், எது தெரியாமல் அடுத்தவர் திண்டாடுவார்? வரி, ரவுண்ட்-ஆஃப் விதிகள், டேட்டாபேஸ் அமைப்பு, சர்வரை மீட்கும் படிகள். ஸ்கிரீன் ஸ்கிரீனாகப் படம் ஒட்டிய 200 பக்கம் அதில் வராது.

கேள்வி: எந்த சாஃப்ட்வேர் வாங்கிப் போர்டு போடுவது? சான்றிதழ் படிப்பு தேவையா?
– கண்டனூர்

பதில்: எல்லாரும் ஒரே அறையில் என்றால் சுவரும் ஒட்டுத்தாளும் போதும். மின்விசிறிக் காற்றுக்கு ஒட்டுத்தாள் உதிரும், ஒரு காந்தப் பலகை வாங்கிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து எந்த விவரம் உண்மையில் வேண்டும் என்று தெரிந்த பிறகு ஜிராவோ ட்ரெல்லோவோ போகலாம். சான்றிதழ் வேலை தேடும்போது பயோடேட்டாவுக்கு உதவும், கம்பெனியை மாற்ற உதவாது.

கேள்வி: கானாடுகாத்தானில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். கிளையன்ட் நியூயார்க்கில். டெமோ என்றாலே நடுராத்திரி. வேறு வழி உண்டா?

பதில்: இந்திய நேரம் மாலை 7 மணி என்பது கோடையில் அவர்களுக்குக் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரம் மாறுவதை மறந்த வாரத்தில்தான் கூட்டம் தவறும், காலண்டர் அழைப்பை அவர்கள் நேரத்தில் போட்டு வையுங்கள். டெமோவும் திட்டக் கூட்டமும் மட்டும் அவர்களோடு நேரலையில். தினசரிக் கூட்டத்துக்கு அவர்கள் வேண்டியதில்லை. சந்தேகம் ஒன்று கேட்டுப் பதில் வர ஒரு நாள் போய்விடும் என்பதால், ஸ்பிரின்ட் தொடங்கும் முன்பே ஒவ்வொரு அட்டைக்கும் இரண்டு உதாரணம், உள்ளே போகும் எண்ணும் வெளியே வரவேண்டிய எண்ணும், எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் டைரக்டர் "வருஷத்துக்கு ரெண்டு ரிலீஸ் போதும், அடிக்கடி விட்டா அடிக்கடி உடையும்" என்கிறார். பில்லிங் சாஃப்ட்வேர் விற்கிறோம். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது.
– புராடக்ட் மேனேஜர், காரைக்குடி

பதில்: பாதி நியாயம். டெஸ்ட் இல்லாமல் அடிக்கடி விட்டால் அடிக்கடிதான் உடையும். ஆனால் ரிலீஸ் தேதியைத் தீர்மானிப்பது அவர் கையில் மட்டுமா இருக்கிறது? ஜிஎஸ்டி கவுன்சில் 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி முடிவெடுத்த புதிய விகிதங்கள் செப்டம்பர் 22-இலிருந்து அமலாயின. நடுவில் 19 நாள். 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான சரக்கு 5-க்கும் 18-க்கும் மாறியது. நெய் 12-லிருந்து 5, சிமென்ட் 28-லிருந்து 18, நகைக்கு அதே பழைய 3. இரண்டு வாரத்தில் ஒரு ரிலீஸ் விட்டுப் பழகிய கம்பெனிக்கு அது இன்னொரு ரிலீஸ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விடுகிறவர்களுக்கோ, பாதி எழுதிய வேறு இருபது வேலைகள் அதே கோடில் கலந்து கிடக்கும். வரியை மட்டும் பிரித்து அனுப்ப முடியாது. டைரக்டரிடம் இந்தத் தேதிகளைச் சொல்லி, அந்த 19 நாளில் நம் ஆபீஸ் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

அவர் பயத்துக்கு மருந்து ஆட்டோமேட்டிக் டெஸ்ட். பெரிய ஏற்பாடு வேண்டாம். வாடிக்கையாளர்களின் உண்மையான பில் நாற்பதை எடுங்கள்: தள்ளுபடி உள்ளது, பைசா ரவுண்ட்-ஆஃப் உள்ளது, வெளி மாநிலம், சரக்குத் திருப்பம், பழைய நகை வாங்கி நேர் செய்தது. ஒவ்வொன்றுக்கும் வரவேண்டிய தொகையைக் கணக்காளர் ஒருவர் கையால் போட்டுத் தரட்டும். தினமும் இரவு கோட் அந்த நாற்பதையும் போட்டு ஒப்பிட்டு, ஒரு பைசா பிசகினாலும் காலையில் மெயில் வர வேண்டும். புதிதாக ஒரு பக் பிடிபடும்போதெல்லாம் அந்த பில்லையும் சேர்த்துவிடுங்கள். ரிலீஸை ஒரே நாளில் எல்லாருக்கும் தள்ளாமல் முதலில் மூன்று கடைக்கு, திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை, பேக்கப் எடுத்த பிறகு. மூன்று நாள் சத்தமில்லை என்றால் மற்றவர்களுக்கு. பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் படிகளையும் ஒருமுறை நிஜமாகவே செய்து பார்த்திருக்க வேண்டும்.

வரி விகிதம் கோடில் இருக்கக்கூடாது. எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று டேபிளில் இருக்க வேண்டும். செப்டம்பர் 22-க்கு முன் விற்று பில் போட்ட சரக்கு பிறகு திரும்பி வந்தால், கிரெடிட் நோட் பழைய விகிதத்தில்தான் போட வேண்டும். பொருளின் பக்கத்தில் ஒரே ஒரு விகிதம் எழுதி, 22-ஆம் தேதி அதை மாற்றிவிட்ட சாஃப்ட்வேர்கள் இதில்தான் மாட்டும். உங்கள் நாற்பது பில்லில் இது ஒன்றாக இருக்கட்டும்: செப்டம்பர் 15 தேதியிட்ட நெய் பில், அக்டோபர் 4-இல் திருப்பம், வர வேண்டிய வரி 12 சதவீதம்.